பதினோராம் எண் கூண்டு

மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு கடலைப் பார்க்கிற வேலை என்னுடையது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 770 மீட்டர் உயரம். பக்கத்தில் தண்ணீர் என்றால் ஹெப்பாள் ஏரிதான். கடல் வானிலையைக் காட்டும் மென்பொருள் எழுதுகிறேன் என்றால், வாடகைக்கு வீடு கொடுத்தவர்கூட ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்.

கணிப்பை நாங்கள் செய்வதில்லை. அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் என்னும் வானிலைக் கணிப்பு மாதிரி ஒரு நாளைக்கு நான்கு முறை ஓடுகிறது. நம் கணக்கில் காலை 5.30, 11.30, மாலை 5.30, இரவு 11.30. ஒவ்வொரு ஓட்டமும் முழுதாகக் கைக்கு வர நான்கைந்து மணி நேரம் பிடிக்கும். ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் மையம், நம் கடல்களுக்கென்றே அலை, நீரோட்டக் கணிப்புகளை வெளியிடுகிறது. இந்தக் கணிப்புகள் வரும் கிரிப் கோப்பைத் திறந்தால் உள்ளே இருப்பது எண்கள் மட்டுமே. ஓப்பன்சிபிஎன், எக்ஸ்ஒய்கிரிப் போன்ற இலவச மென்பொருள்களும் அந்த எண்களைத்தான் படமாக்குகின்றன. சமைக்கிறவர் வேறு, இலை போட்டுப் பரிமாறுவது எங்கள் வேலை. பரிமாறுவதில் என்ன தப்பு வந்துவிடும் என்று நானும் நினைத்திருந்தேன்.

முதல் பாடம் ஓர் அம்புக்குறியில் கிடைத்தது. காற்றுக்கு எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தத் திசைதான் பெயர். கொண்டல் கிழக்கிலிருந்து வருவது, வாடை வடக்கிலிருந்து வருவது. நீரோட்டத்துக்கோ எங்கே போகிறதோ அதுதான் திசை. காற்றுக்கு 90 பாகை என்றால் கிழக்கிலிருந்து வருகிறது. நீரோட்டத்துக்கு அதே 90 என்றால் கிழக்கே போகிறது. இரண்டுக்கும் ஒரே நிரல்துண்டை வைத்து அம்பு போட்டிருந்தேன். நீரோட்டம் முழுக்கத் தலைகீழ். பார்க்க மட்டும் படம் அம்சமாக இருந்தது. ஒரு வாரம் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

அலை உயரமும் அப்படித்தான். திரையில் 2 மீட்டர் என்று வந்தால், வருகிற அலைகளில் பெரியதாக உள்ள மூன்றில் ஒரு பங்கின் சராசரி அது. இடையிடையே அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு அலையும் எழும்பும். ‘அலை உயரம்: 2 மீ’ என்று மொட்டையாகப் போட்டால், அதுதான் உச்சம் என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். படகைக் கவிழ்ப்பது சராசரி அலை அல்ல.

எனக்குச் சொந்த ஊர் பாம்பன். சித்தப்பா நாட்டுப்படகுக்காரர். சோதனைப் பதிப்பை அவர் போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். தெற்கிலிருந்து சோழகக் காற்று பலமாக அடிக்கிற ஜூன் மாதம். இரண்டாம் நாளே கூப்பிட்டார்.

“என்னப்பா, ஒன் படத்துல ரெண்டு கடலும் ஒரே கலரா இருக்கு?”

தனுஷ்கோடிக்குப் போனவர்களுக்கு அவர் கேட்டது புரியும். அரிச்சல்முனையை ஒட்டிய மணல்திட்டு ஒரு கிலோமீட்டர்கூட அகலமில்லை. தெற்கே மன்னார் வளைகுடா, எங்களுக்கு ஆண்கடல். வடக்கே பாக் விரிகுடா, பெண்கடல். சோழகம் அடிக்கையில் ஆண்கடல் கொந்தளிக்கும், பெண்கடல் குளம்போலக் கிடக்கும். வாடை வந்தால் நிலைமை மாறிவிடும். நான் எடுத்திருந்ததோ 0.25 பாகைக் கட்டம். ஒரு பக்கம் ஏறக்குறைய 28 கிலோமீட்டர். திட்டும் அதன் இருபுறத்துக் கடலும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். அந்த மாதிரிக்கு அங்கே ஆணுமில்லை, பெண்ணுமில்லை.

அதைவிடப் பெரிய குற்றம் என்னுடையது. கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அழகில்லை என்று, பக்கத்துப் பக்கத்து எண்களைக் கலந்து நிறத்தை இழைத்துவிட்டிருந்தேன். எவ்வளவு பெரிதாக்கினாலும் பட்டுப்போல வழுவழுப்பு. கரையோரத்து ஒவ்வொரு பாறைக்கும் தனித்தனியாகக் கணித்ததுபோல ஒரு தோற்றம். இழைப்பை எடுத்துவிட்டேன். இப்போது கட்டத்தின் அளவைத் தாண்டிப் பெரிதாக்கினால் சதுரங்கள் பல்லைக் காட்டும். “பழைய வீடியோ கேம் மாதிரி இருக்கே” என்றார் கூட வேலை செய்பவர். இருக்கட்டும். கணிப்புக்கு அவ்வளவுதான் கண்பார்வை என்று அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இன்னொரு தவறை இன்றும் நினைத்தால் வயிற்றைக் கலக்கும். இரவில் கோப்புகளை இறக்கும் நிரல், வட்டில் இடமில்லாமல் நின்றுபோயிருக்கிறது. திரையில் ஒரு மாற்றமும் இல்லை. ஜிஎஃப்எஸ் கோப்பில் 16 நாள் கணிப்பு இருக்கும். ஆகவே நான்கு நாள் பழைய கோப்பிலும் இன்றைய தேதிக்கு ஓர் எண் உண்டு. மென்பொருள் அதை எடுத்து, இன்றைய தேதியைத் தலையில் போட்டு, பளிச்சென்று காட்டிக்கொண்டிருந்தது. கண்டுபிடித்தது நானல்ல. “வாடை திரும்பி ரெண்டு நாளாச்சுப்பா. ஒன் படத்துல இன்னும் சோழகம் அடிக்குது” என்று சித்தப்பாதான் சொன்னார். நல்லவேளை, அவர் படத்தை நம்பிக் கடலுக்குப் போகிறவர் இல்லை.

பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். 1ஆம் எண் என்றால் தூரத்தில் எங்கோ புயல் உருவாகக்கூடும். 10 என்றால் பேராபத்து. பத்துக்கு மேல் என்ன இருக்க முடியும் என்று சின்ன வயதில் தோன்றும். வரிசையோ 11 வரை போகும். அது பத்தைவிடப் பெரிய புயல் அல்ல என்பது பின்னாளில் அந்தப் பட்டியலைப் படித்தபோதுதான் தெரிந்தது. புயல் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்பதே 11ஆம் எண்ணின் பொருள். எதுவும் ஏற்றாமல் விட்டால், கரையில் நிற்பவன் ‘ஒன்றுமில்லை’ என்று எடுத்துக்கொள்வான். சேதி வரவில்லை என்பதே ஒரு சேதி என்று அதற்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தொழிலுக்கு வந்து இத்தனை ஆண்டுகளில் இதைவிட நல்ல திரை வடிவமைப்பை நான் பார்த்ததில்லை.

சித்தப்பா சொன்ன அந்த வாரமே எங்கள் மென்பொருளில் அதைச் சேர்த்தேன். கணிப்பு ஓடி 18 மணி நேரத்துக்கு மேலாகிவிட்டால் நிறமெல்லாம் போய்த் திரை சாம்பலாகும். நடுவில் ஒரே வரி: ‘புதிய கணிப்பு வரவில்லை.’ எத்தனை மணி நேரப் பழசு என்ற எண் அதன் கீழே. பழையதையாவது காட்டினால் என்ன என்று சிலர் கேட்டார்கள். வேண்டுமென்றால் ஒரு பொத்தானை அழுத்திப் பார்க்கலாம், தானாகக் காட்டாது.

போன மாதம் இணைப்பு அறுந்து ஒருநாள் முழுக்கத் திரை சாம்பலாகக் கிடந்தது. சாயங்காலம் சித்தப்பா கூப்பிட்டார்.

“என்னப்பா, பதினொண்ணு ஏத்திட்ட போல?”

“ஆமா சித்தப்பா. கோப்பு வரல.”

“சரி சரி. நான் கரைக்குப் போயி பாத்துக்கிறேன்.”