மண் சொல்லும் ரிவாயத்

ஆங்கிலேயரின் பழஞ்சரித்திரத்தை, அது நடந்த மண்ணிலேயே போய் நின்று எடுத்துரைக்கும் தொலைக்காட்சிப் படங்களைச் சில ஆண்டுகளாக விரும்பிப் பார்த்து வருகிறோம். அரபுக் கிதாபுகளோடும் தமிழ் இலக்கணத்தோடும் காலங்கழிக்கும் ஒரு மத்ரஸா ஆசிரியருக்கு ஆங்கிலோ-சாக்ஸன் அரசர்களிடம் என்ன அலுவல் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. அலுவல் இருக்கத்தான் செய்கிறது.

உரோமரின் ஆட்சி பிரிட்டனிலிருந்து நீங்கிய ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் 1066இல் நார்மண்டியின் வில்லியம் வென்றது வரையுள்ள காலத்தை ஆங்கிலேயர் நெடுநாள் 'இருண்ட காலம்' என்று அழைத்தனர். இன்றைய அறிஞர் பலர் அப்பெயரைத் தவிர்க்கின்றனர். பக்தாதில் நூல்கள் பெருகிய நூற்றாண்டும் அதற்குள் அடங்குவதால் நமக்கும் அப்பெயர் உவப்பானதன்று. ஆயினும் அதே பெயரைத் தாங்கித்தான் 1979 முதல் 1981 வரை மைக்கேல் வுட் என்பார் பி.பி.சி. தொலைக்காட்சிக்கு ஒரு தொடரை ஆக்கினார். முப்பது வயதையொட்டிய அவ்விளைஞர் ஜீன்ஸ் அணிந்து வயலிலும் மேட்டிலும் இடிந்த கோயிலிலும் நடந்தவாறே பேசுவார். (இவரே பின்னாளில் தமிழகத்துக் கோயில்களுக்கு யாத்திரை வந்து, 1995இல் அதுபற்றி நூலொன்றும் வெளியிட்டார்.) ஆஃபா, ஆல்ஃபிரட், ஏதல்ஸ்டன் முதலிய மன்னர்களை அவர் தேடிச் சென்ற முறையைப் பின்வந்தோர் பலரும் கைக்கொண்டனர்.

ஒரு செய்தியைத் தேடி நடப்பது நமக்குப் புதிதன்று. ஒரேயொரு ஹதீஸைக் கேட்டவர் வாயாலேயே கேட்டறிய ஜாபிர் இப்னு அப்தில்லாஹ் (ரலி) அவர்கள் ஒட்டகம் வாங்கி ஒரு மாதப் பயணமாக ஷாம் தேசம் சென்றார்கள். ஆனால் அவர்கள் தேடிச் சென்றது ஒரு மனிதரை. இப்படங்கள் தேடிச் செல்வதோ இடத்தை. இடம் சாட்சி சொல்லுமா என்பதே நம்மை இழுத்த கேள்வி.

சொல்லும் என்பதற்கு ஏதல்னி ஒரு சான்று. 878ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டேனியர் திடீரெனத் தாக்க, ஆல்ஃபிரட் மன்னர் சிறு கூட்டத்தோடு சாமர்செட் சதுப்பு நிலத்துக்குள் ஒதுங்கினார். அங்கிருந்தே படை திரட்டி, அவ்வாண்டு எடிங்டன் போரில் வென்றார். ஒதுங்கிய இடம் ஏதல்னி. படத்தில் பார்த்தால் அது புல் மூடிய ஒரு தாழ்ந்த மேடு. 1801இல் நாட்டிய ஒரு நினைவுக்கல் தவிர வேறொன்றும் அங்கில்லை. ஆனால் சுற்றுநிலம் எவ்வளவு தாழ்வானது என்று கண்டதும் ஏட்டில் படித்தது விளங்கிவிடுகிறது. நீர் வடிக்கப்படாத அந்நாளில் அம்மேடு ஒரு தீவு. வழி தெரியாத படை அதனை அணுகவே முடியாது.

ஆனால் அதே மேட்டில் வேறொரு கதையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தலைமறைவாயிருந்த மன்னர் ஒரு குடிசையில் தங்கினாராம். அடுப்பிலிருந்த அப்பத்தைக் கருக விட்டாராம். வீட்டுக்காரியிடம் வசை வாங்கினாராம். ஆங்கிலக் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவரும் கதை இது. படத்தைப் பார்த்த நம் மாணவர் ஒருவர், "உஸ்தாத், அந்த இடத்திலேயே நின்று சொல்கிறார்களே, உண்மையாகத்தானே இருக்கும்?" என்றார். இதுதான் இத்தகைய படங்களின் ஆபத்து. கல்லும் புல்லும் மெய்யாயிருப்பதால் அவற்றின்மேல் வைத்த சொல்லும் மெய்யென்று மனம் ஏமாந்துபோகிறது.

மாணவருக்கு அறிவிப்பாளர் வரிசையைச் சொன்னோம். மன்னரோடு பழகி 893இல் அவர் வரலாற்றை எழுதிய ஆஸரின் நூலில் அப்பக்கதை இல்லை. மன்னர் மறைந்தது 899இல். கதை முதன்முதல் தலைகாட்டுவதோ அதற்கு ஏறத்தாழ நூறாண்டுக்குப் பின் எழுந்த ஒரு துறவியின் சரிதையில். 1574இல் ஆஸரின் நூலை அச்சிட்டபோது இக்கதையை அதற்குள்ளேயே நுழைத்துவிட்டார்கள். அதனால் நெடுங்காலம் ஆஸரே சொன்னதாக நம்பப்பட்டது. மூலத்தில் பிறர் சொல் கலந்துவிட்ட அறிவிப்பை நம் முஹத்திஸ்கள் 'முத்ரஜ்' என்பார்கள். மாணவருக்கு உடனே விளங்கிவிட்டது. உஸூலுல் ஹதீஸில் முத்ரஜ் பாடத்தை அவ்வளவு எளிதாக நாம் நடத்தியதில்லை!

எல்லாப் படங்களும் நேர்மையானவை என்று சொல்வதற்கில்லை. வாளும் கேடயமும் ஏந்திய கூலி நடிகர்கள் புகைக்குள் ஓடி விழுவதும், முரசு அதிர்வதும், ஒவ்வொரு விளம்பர இடைவேளைக்கு முன்பும் "வரலாறே மாறப்போகிறது" என்று ஒருவர் முழங்குவதும் நமக்கு அலுப்பையே தருகின்றன. அவற்றிடையே 2014 ஜனவரியில் பி.பி.சி. காட்டிய படமொன்று நெஞ்சைக் கவர்ந்தது. வின்செஸ்டர் நகரில் ஆல்ஃபிரடின் கல்லறை எனக் கருதப்பட்டதிலிருந்து எலும்புகளை எடுத்து ஆராய்ந்தார்கள். அவை பல நூற்றாண்டு பிந்தியவை என்று முடிவு வந்தது. பிறகு, 1999இல் ஹைட் மடத்து அகழ்வில் கிடைத்து அருங்காட்சியகப் பெட்டிக்குள் கிடந்த இடுப்பெலும்புத் துண்டொன்று மட்டும் 895க்கும் 1017க்கும் இடைப்பட்டதென்று தெரிந்தது. அது ஆல்ஃபிரடினதாகலாம், அவர் மகன் எட்வர்டினதாகலாம் என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்கள். அதற்கப்பால் ஓரடி வைக்கவில்லை.

இனி நம் மனத்தை நெடுநாள் அலைக்கழித்த செய்திக்கு வருவோம். மெர்சியா நாட்டை 757 முதல் 796 வரை ஆண்ட ஆஃபா மன்னரின் பொற்காசு ஒன்று இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. திரையில் அது தோன்றியதும் நாம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டோம். காசு முழுதும் அரபெழுத்து! ஒரு பக்கத்தில் அல்லாஹ் ஒருவன், அவனுக்கு இணையில்லை என்னும் வாசகம். மறுபக்கத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருப்பெயர். விளிம்பில் ஹிஜ்ரி 157 என்னும் ஆண்டு. அப்பாஸியக் கலீஃபா அல்-மன்சூர் அவர்கள் காலத்துத் தீனாரைப் பார்த்துச் செய்த பிரதி அது. அரபு வரிகளுக்கிடையே 'ஆஃபா ரெக்ஸ்', அதாவது ஆஃபா அரசர், என்று இலத்தீனில் பொறித்திருக்கிறது.

இக்காசைக் கொண்டு, ஆஃபா இஸ்லாத்தைத் தழுவியவர், ஆங்கிலேயர் அதை மறைத்துவிட்டனர் என்றொரு பேச்சு நம்மவரிடையே உலவுகிறது. சில ஆண்டுகளுக்கு முன் அயலூர் மீலாது மேடையில் ஒரு பேச்சாளர் இதனை உணர்ச்சி பொங்க முழங்கினார். தக்பீர் விண்ணைப் பிளந்தது. அடுத்துப் பேச வேண்டியவர் நாம்.

அக்காசை நாம் எழுத்தெழுத்தாகப் பார்த்திருந்தோம். இலத்தீன் எழுத்துகள் நேராக நிற்கும்படி பிடித்தால் அரபு தலைகீழாகிவிடுகிறது. செதுக்கியவருக்கு அரபு எழுத்தின் தலை எது, கால் எது என்றே தெரியவில்லை. எழுத்துகளும் ஆங்காங்கே பிழைபட்டுள்ளன. கலிமாவை ஏற்ற ஒருவர் அதைக் கவிழ்த்துப் பொறிப்பாரா? மேலும் ஆண்டுதோறும் 365 பொற்காசுகளைக் காணிக்கையாக அனுப்புவதாகப் போப்பாண்டவருக்கு வாக்களித்தவர் அதே ஆஃபா. அக்காலத்தில் நற்பொன் என்றால் முஸ்லிம்களின் தீனார். கடல் கடந்தும் அதற்கு மதிப்பிருந்தது. ஆகவே அதன் தோற்றத்திலேயே தம் பொன்னையும் அடித்திருக்கிறார். இவ்வளவையும் மேடையில் அமைதியாகச் சொன்னோம். தக்பீர் எழவில்லை.

கூட்டம் கலைந்ததும் விழாக் குழுவினர் ஒருவர் அருகில் வந்து, "நல்ல செய்திதானே ஹஜ்ரத், அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டுமே" என்றார். திருமறை அத்தியாயங்களின் சிறப்பைப் பற்றி நல்லெண்ணத்தோடு ஹதீஸ் புனைந்தவர்களையும் நம் இமாம்கள் பொய்யர் பட்டியலில்தான் சேர்த்தார்கள் என்று மறுமொழி கூறினோம். அவர் முகம் வாடிற்று. அடுத்த ஆண்டு அவ்வூரிலிருந்து நமக்கு அழைப்பு வரவில்லை. காசின் பெருமையோ அதனால் குறையவில்லை. பக்தாதில் புழங்கிய நாணயம், கடலுக்கப்பால் மொழியறியாத ஓர் அரசரையும் தன்னைப் பார்த்து எழுதவைத்தது என்பது நமக்குப் போதும்.

தமிழருக்கு இனிக்கக்கூடிய செய்தியொன்றும் அவ்வரலாற்றில் உண்டு. ஆங்கிலோ-சாக்ஸன் ஆண்டுக்குறிப்பில் 883ஆம் ஆண்டின்கீழ், ஆல்ஃபிரட் மன்னர் இந்தியாவிலுள்ள புனித தோமாவுக்கும் புனித பர்த்தலோமேயுவுக்கும் தூதர் வழியாகக் காணிக்கை அனுப்பினார் என்று எழுதப்பட்டிருக்கிறது. தோமாவின் அடக்கத்தலம் மயிலாப்பூர் என்பது கிறிஸ்தவ மரபு. அப்படியானால் ஆயிரத்து நூறாண்டுகளுக்கு முன்பே ஓர் ஆங்கிலேயர் மயிலைக் கடற்கரையில் நின்றாரா?

இதையும் மாணவர்களிடம் சொன்னோம். அவர்கள் கண்கள் மலர்ந்தன. பிறகு, சில சுவடிகளில் இந்தியா என்றும் வேறு சிலவற்றில் யூதேயா என்றும் இருப்பதைச் சொன்னோம். அவர்கள் எழுத்தில் அவ்விரு பெயர்களும் ஏறத்தாழ ஒன்றுபோல் இருக்கும். நடுவிலுள்ள ஓரெழுத்தைக் கவிழ்த்தால் மற்றொன்றாகிவிடும். கரும்பலகையில் இரண்டையும் எழுதிக் காட்டி, பக்கத்திலேயே புள்ளியில்லாத பா, தா, நூன் மூன்றையும் சொல்லின் நடுவில் வரும் வடிவில் எழுதினோம். எது எதுவென்று ஒருவராலும் சொல்ல இயலவில்லை. அன்றைய பாடம் எழுத்துத் திரிபாகிய தஸ்ஹீஃபைப் பற்றியதாயிற்று.