ஊசி குதித்தபோது



என் தகப்பனார் விட்டுச்சென்ற பொருட்களில் நான் மிகவும் பேணி வருவது ஒரு ரெக்கார்டு பிளேயரும், அதனோடு வந்த சில கீர்த்தனை இசைத்தட்டுகளுமே. குன்னூரில் நாங்கள் குடியிருந்த பழைய குருமனையின் கூடத்தில், மரப்பலகைத் தளத்தின்மேல் ஒரு மேசையில் அதை வைத்திருந்தேன். கோடை விடுமுறைக்கு வந்த ஆறு வயதுப் பேத்தி ஓடும்போதெல்லாம் ஊசி குதித்தது. ஒருநாள் மாலை தட்டின் குறுக்கே நீண்ட கீறல் விழுந்துவிட்டது. கோபத்தில் அவளைக் கடுமையாகக் கடிந்துகொண்டேன். அன்றுமுதல் அவள் அந்தக் கூடத்தில் நுனிக்காலால் நடந்தாள். வீடு அமைதியாயிற்று; என் உள்ளமோ அமைதியடையவில்லை.

பின்பு நிதானமாக யோசித்தேன். ஊசி ஏறத்தாழ 2 கிராம் அழுத்தத்தோடு மயிரிழை போன்ற பள்ளத்தில் செல்கிறது. பாடலின் அசைவு எது, காலடியின் அசைவு எது என்று அதற்குத் தெரியாது. மரத்தளமோ பாதம் பட்டவுடன் வளைந்து எழும்புகிறது. மேசையும் கூடவே ஆடுகிறது.

முதலில் பிளேயரின் அடியில் பஞ்சு மெத்தைத் துண்டுகளை வைத்தேன். அது படகைப்போல் இன்னும் அதிகமாக ஆடிற்று. மென்மையான தாங்கி விரைவான அதிர்வைத் தடுக்கும். காலடியின் மெதுவான அசைவையோ சில வேளைகளில் பெருக்கிவிடும். சிமெண்டுத் தளமுள்ள வீடுகளில், சிறிதளவு காற்றடைத்த சைக்கிள் டியூபின்மேல் கனமான கற்பலகையை வைப்பதே பெரும்பாலும் போதும். எங்கள் தளத்துக்கு அது போதாது.

கூடத்தின் கற்சுவர் தளத்தின்மேல் நிற்கவில்லை. தன் சொந்த அஸ்திபாரத்தின்மேல் நிற்கிறது. எனவே அச்சுவரில் இரண்டு இரும்புத் தாங்கிகளைத் திருகி, யாரோ சமையல் மேடைக்கு வாங்கி மிஞ்சிய கிரானைட் துண்டை அவற்றின்மேல் வைத்தேன். ரசமட்டம் வைத்துச் சமன்செய்து, பிளேயரை ஏற்றினேன். ஒலிபெருக்கிகளின் அதிர்வும் ஊசியை எட்டுமாதலால், அவற்றை அந்தப் பலகையில் வைக்காமல் தனியே வைத்தேன். செலவு 600 ரூபாய்க்குள் முடிந்தது.

தட்டைச் சுழலவிட்டு, "ஓடு, கண்ணு" என்று பேத்தியை அழைத்தேன். அவள் ஓடவில்லை, முதலில் என் முகத்தைப் பார்த்தாள். நான் சிரித்த பிறகே குதித்தாள். ஊசி அசையவில்லை. அவளுடைய அந்தப் பார்வையோ என்னை இன்றும் குத்துகிறது.

பிரியமானவர்களே, குற்றம் குழந்தையின் காலில் இருக்கவில்லை. நான் தெரிந்துகொண்ட இடத்தில் இருந்தது. அதை மாற்ற ஒரு பிற்பகல் போதுமாயிருந்தது. ஆனால் அதற்குமுன் ஒரு பிள்ளையின் ஓட்டத்தை நிறுத்திவிட்டேன். அந்தத் தட்டில் கீறல் விழுந்த பகுதி வரும்போது, 1.8 விநாடிக்கு ஒருமுறை 'டக்' என்ற ஒலி இப்போதும் கேட்கிறது. அதை நான் துடைத்தெறிய விரும்பவில்லை.

இந்த வாரம் உங்கள் வீட்டில் நுனிக்காலால் நடப்பவர் யார் என்று பாருங்கள். அவர்களை அமைதியாயிருக்கச் சொல்லுமுன், நாம் எதன்மேல் நிற்கிறோம் என்று பார்ப்போமா?