மடக்குக் கத்தியும் மாமாவின் விரலும்

பாக்கெட்டில் சீப்பு வைத்திருந்தால் யாரும் கேட்பதில்லை. கத்தி வைத்திருந்தால் மட்டும், 'யாருக்கு?' என்கிறார்கள்!

வாழைத்தார், உர மூட்டை, மாங்காய் என்று தினமும் எதையாவது அறுக்கிற ஊர் எங்க மார்க்கையன்கோட்டை. மடக்குக் கத்தி இல்லாமல் முடியாது. ஆனால், எந்தக் கத்தி?

சந்தையில் வாங்குகிற கார்பன் ஸ்டீல் கத்தி, கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் கூர் ஏறிடும். மாங்காய் நறுக்கிட்டுத் துடைக்காமல் விட்டால் கறுத்துடும்.

1897-ல் பதிவான சுவிஸ் ஆபீசர் கத்தியின் இன்றைய வாரிசுகளில் திருப்புளி, கத்தரிக்கோல், பல்குத்தி வரை உண்டு. சுலபத்தில் துருப்பிடிக்காது. ஆனால், பாக்கெட் சைஸில் பெரும்பாலும் பூட்டு கிடையாது. ஸ்பிரிங் பிடிப்புதான்.

பிரான்ஸின் ஒப்பினெல் 1890-ல் பிறந்தது. 1955-ல் அதன் கழுத்தில் ஒரு வளையம் சேர்ந்தது. திருகிவிட்டால் பிளேடு மடங்காது.

மாமாவிடம் இருந்தது பூட்டில்லாத சந்தைக் கத்தி. உர மூட்டையில் குத்தித் திருப்பினார், படக்கென்று மடங்கியது. ஆள்காட்டி விரலில் நாலு தையல். பார்க்கப் போனால், "கத்தி நல்லாத்தான் வெட்டுது மாப்ளே!" என்கிறார்.

அதனால கடையில் கூரை மட்டும் பார்க்காதீங்க சார், பூட்டையும் பாருங்க. கூர் போனால் கல்லில் தீட்டிக்கலாம். விரலை?