தூசி எங்கே போயிற்று?

மூன்றாம் ஆண்டு, இயற்பியல்

காற்றில்லாமல் மனிதன் சில நிமிடங்கள்கூட வாழ இயலாது. ஆனால் அந்தக் காற்றோடு சேர்த்து எதையெல்லாம் உள்ளே இழுக்கிறோம் என்று எண்ணிப் பார்ப்பவர் நம்மில் எத்தனை பேர்? சென்ற கோடை விடுமுறை வரை நானும் எண்ணிப் பார்த்ததில்லை.

என் தந்தையார் பெயிண்டர். விடுமுறை நாட்களில் நானும் அவருடன் வேலைக்குச் செல்வதுண்டு. வண்ணம் பூசுமுன் சுவருக்குப் பட்டி பார்க்க வேண்டும். பட்டி காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். அப்போது பறக்கும் வெள்ளைத் தூள் இருக்கிறதே, முகத்திற்குப் போடும் பவுடர் தோற்றுவிடும்! மாலையில் அப்பா வீடு திரும்பும்போது தலைமுடி, புருவம், இமை எல்லாம் நரைத்திருக்கும். "அப்பா தாத்தாவாயிட்டாரு" என்று சிறு வயதில் என் தங்கை கைகொட்டிச் சிரிப்பாள். இப்போது சிரிப்பதில்லை. அவளுக்கு இளைப்பு. அப்பாவின் சட்டையை வீட்டுக்குள் உதறினால் போதும், அன்றிரவைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே கழிப்பாள். அப்பாவுக்கும் சில ஆண்டுகளாக விடாத இருமல்.

'அறிவியல் படிக்கின்ற நான் இதற்கு ஒரு வழி காணக்கூடாதா?' என்று எண்ணினேன். தீபாவளி நேரத்தில் துணிக்கடையில் வேலை பார்த்துச் சேர்த்த பணம் கையில் இருந்தது. ரூ.3,500 கொடுத்து, ஒருவர் பயன்படுத்திய வேக்குவம் கிளீனர் ஒன்றை வாங்கினேன். பையில்லாத வகை. உறிஞ்சிய தூசி ஒரு குடுவைக்குள் சுழன்று விழுவதை வெளியிலிருந்தே பார்க்கலாம். பை வாங்கும் செலவும் மிச்சம்.

முதல் நாள் நான் அடைந்த பெருமையை என்னென்பேன்! விளக்குமாறு பட்டால் மேலெழுந்து ஆடும் தூள், எந்திரத்தின் வாய்க்குள் அடக்கமாகப் போயிற்று. "படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்" என்றார் அப்பா.

அந்தப் பெருமை அரைமணி நேரம்கூட நீடிக்கவில்லை. முதலில் இழுவை குறைந்தது. பிறகு மேற்குச் சன்னல் வழியே மாலை வெயில் விழுந்தபோது ஒரு காட்சி கண்டேன். எந்திரத்தின் பின்புறத் துளைகளிலிருந்து மெல்லிய வெண்புகை அந்த ஒளிக்கற்றையில் எழுந்து கொண்டிருந்தது. முன்னால் உறிஞ்சியதில் ஒரு பகுதியைப் பின்னால் ஊதிக் கொண்டிருந்தது என் எந்திரம்!

அத்துடன் விட்டிருந்தாலும் பரவாயில்லை. குடுவையைக் காலி செய்யாமலே அதை வீட்டுக்குக் கொண்டு வந்தேன். எங்கள் வீடு ஓர் அறையும் சமையற்கட்டும் கொண்டது. கொல்லைப்புற வாசலில் நின்று குடுவையின் அடிமூடியைத் திறந்தேன். 'புஸ்' என்று ஒரு வெண்மேகம் கிளம்பியது. காற்று திரும்பி அதை அப்படியே வீட்டுக்குள் கொண்டு போயிற்று. நள்ளிரவில் தங்கையை அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக் கொண்டு ஓடினோம். நெபுலைசர் வைத்த பிறகுதான் அவளுக்கு மூச்சு சீரானது. அம்மா என்னை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கல்லூரி திறந்ததும் எங்கள் பேராசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தூசி எங்கப்பா போச்சு?"

"குடுவைக்குள்ள, ஐயா."

"எல்லாமா?"

நான் விழித்தேன். "முதலாண்டு செய்முறையில விளக்கெண்ணெயில குண்டு போட்டியே, அந்த ஸ்டோக்ஸ் விதியைக் காற்றுக்குப் போட்டுப் பாரு" என்றார்.

போட்டுப் பார்த்தேன். துகளின் விட்டம் பாதியானால் அது விழும் வேகம் கால்பங்காகிவிடுகிறது. 10 மைக்ரான் விட்டமுள்ள சுண்ணாம்புக்கல் துகள், அசைவற்ற காற்றில் 2 மீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வர ஏறத்தாழ 4 நிமிடம் ஆகும். 1 மைக்ரான் துகளுக்கோ ஏறத்தாழ 7 மணி நேரம்! நமது தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்பதை நினைத்துக் கொள்ளுங்கள். நாம் பெருக்கி முடித்து, 'அறை சுத்தமாயிற்று' என்று படுத்துறங்கும்போதும் நுண்தூசி நம் தலைக்கு மேல் மிதந்து கொண்டிருக்கிறது. நுரையீரலின் அடியாழம் வரை செல்வதும் அதுதான்.

பையில்லா எந்திரம் வேலை செய்யும் முறையும் அப்போதுதான் விளங்கியது. உள்ளே காற்று சூறாவளிபோல் சுழல்கிறது. கனமான துகள்கள் சுவரை நோக்கி வீசப்பட்டுக் கீழே விழுகின்றன. நம் அன்னையர் முறத்தில் புடைப்பதும் களத்தில் நெல் தூற்றுவதும் இதே கதைதான்: கனமானது நிற்கும், இலேசானது பறக்கும். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. களத்தில் நெல் நின்றால் போதும், பதர் போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம். இங்கே அந்தப் பதர்தான் நமக்குப் பகை! சுழல் தப்பவிடும் நுண்தூசியைக் கடைசியில் உள்ள வடிகட்டிதான் பிடித்தாக வேண்டும். பட்டித் தூள் போன்ற மாவு அந்த வடிகட்டியைச் சில நிமிடங்களில் அடைத்துவிடுகிறது. அடைத்தால் இழுவை குறையும், மோட்டார் சூடேறும், இடுக்கு இருக்குமிடமெல்லாம் தூசி வழி தேடும்.

இந்த எந்திரத்தின் வரலாற்றையும் படித்தேன். அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் ஒரு கடையில் துப்புரவுப் பணி செய்தவர் ஜேம்ஸ் முர்ரே ஸ்பாங்க்ளர். ஆஸ்துமா நோயாளி. தரைவிரிப்பைப் பெருக்கும்போது எழும் தூசியே தம்மை வாட்டுகிறது என்று ஐயுற்று, ஒரு மின்விசிறி, ஒரு பெட்டி, ஒரு துடைப்பக் கம்பு ஆகியவற்றைச் சேர்த்து, தூசி பிடிக்கத் தலையணை உறையைக் கட்டினார். 1908-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். பிற்காலத்தில் இங்கிலாந்தின் ஜேம்ஸ் டைசன், மரம் அறுக்கும் ஆலையில் தூளைப் பிரிக்கும் சுழல் கூம்பைக் கண்டு, 5,127 மாதிரிகள் செய்து பார்த்துப் பையை ஒழித்தார். இருவர் உழைப்பும் போற்றத்தக்கதே. ஆயினும் தூசியால் மூச்சுத் திணறிய ஒருவர்தான் அந்தப் பையைக் கட்டினார் என்பது என் நெஞ்சைத் தொட்டது.

அப்படியானால் பையில்லா எந்திரம் தீயதா? அன்று. 'ஹெப்பா' என்னும் வடிகட்டி, பிடிப்பதற்கு மிகக் கடினமான 0.3 மைக்ரான் அளவுத் துகள்களிலேயே 10,000-க்கு 9,997-ஐத் தடுத்துவிடும். அத்தகைய வடிகட்டி இருந்து, காற்றுக் கசிவில்லாமல் எந்திரம் மூடியிருந்தால், வீட்டுத் தூசிக்கு அது ஓடும்வரை ஆபத்தில்லை. ஆபத்து அதைத் திறக்கும்போதுதான். பையுள்ள எந்திரத்தில் தூசியைப் பையோடு எடுத்து வாயை மூடி எறிந்துவிடலாம். குடுவையையோ கவிழ்த்தாக வேண்டும். கவிழ்ப்பவர் சுவாசித்தாக வேண்டும். திறந்த வெளியில், முகக்கவசம் அணிந்து, பெரிய பாலிதீன் பைக்குள் குடுவையை முழுதும் நுழைத்துத் திறப்பதே முறை.

பட்டி, சிமெண்ட், கருங்கல் தூள் ஆகியவற்றுக்கோ வீட்டு எந்திரம் ஏற்றதே அன்று. தொழிலிடங்களுக்கென எல், எம், எச் என்று மூன்று வகை எந்திரங்களை ஐரோப்பியத் தரம் வகுத்திருக்கிறது. எம் வகை, உள்ளே வரும் தூசியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் வெளியே விடக்கூடாது. எச் வகை, இலட்சத்தில் ஐந்து பங்குக்கு மேல் விடக்கூடாது. அவற்றை வாங்கும் வசதி இன்று எங்களுக்கு இல்லை.

ஆனால் அறிவு பெற்ற பின் சும்மா இருக்கலாமா? அப்பா இப்போது என்-95 முகக்கவசம் அணிகிறார். தரையில் விழுந்த தூளை உலர்ந்த விளக்குமாற்றால் பெருக்காமல் ஈரத்துணியால் ஒற்றி எடுக்கிறோம். வேலை உடுப்பை வேலையிடத்திலேயே மாற்றி, பையில் கட்டிக் கொண்டுவந்து நேரே தண்ணீரில் நனைக்கிறோம். இதைக் கண்ட அம்மா, "வாசல் தெளிக்காம பெருக்காதேன்னு எங்க ஆத்தா அடிச்சுக்கிட்டது இதுக்குத்தாண்டா" என்றார். பேராசிரியர் கற்பித்த பாடத்தை அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டார்!

தங்கையின் இளைப்பு முற்றிலும் நீங்கிவிடவில்லை. ஆனால் பல இரவுகள் படுத்தே உறங்குகிறாள். அப்பாவின் இருமல் இன்னும் இருக்கிறது. அது பல ஆண்டுகளின் கணக்கு.

நண்பர்களே, நம் கல்லூரியில் பயில்வோர் பலரின் தந்தையர் கல் உடைப்பவர்களாக, மாவு மில்லில் நிற்பவர்களாக, சிமெண்ட் மூட்டை சுமப்பவர்களாக இருக்கின்றனர். அவர்கள் கொண்டு வந்த காசில்தான் நாம் படிக்கின்றோம். எந்தப் புதிய எந்திரத்தைக் கண்டாலும், 'தரை சுத்தமாயிற்றா?' என்று மட்டும் கேளாதீர்கள். 'தூசி எங்கே போயிற்று?' என்றும் கேளுங்கள். அது யாருடைய மூச்சுக்குள்ளோ போயிருந்தால், அந்த இடம் இன்னும் சுத்தமாகவில்லை.