மழைக்கு முன் போட்ட வாசல்

பினாங்கின் பழைய சாலைகளில் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளின் வியர்வை கலந்திருக்கிறது. அதே தீவில் என் வீட்டு வாசலுக்குத் தார் போட நல்ல ஆள் கிடைக்க இரண்டு வருடமாயிற்று.

ஆயர் ஈத்தாமில் எங்கள் வாசலில் நின்றால் கொடிமலை தெரியும். 833 மீட்டர் உயரம். மேலே குளிர், கீழே புழுக்கம். முதலில் வந்த குத்தகையாளர் விலை குறைவு என்றார். எழுத்தில் எதுவும் வாங்கவில்லை. அக்டோபர் மாதம், ஈரம் காயாத தரையில் தாரைக் கொட்டினார். ஆறே மாதத்தில் குழி. அம்மா அதில் இடறி விழுந்தார். அந்த ஆளோ தொலைபேசியை எடுக்கவேயில்லை.

கனடாவிலிருக்கும் தம்பி சொன்னான்: "இங்க குளிர் இறங்குறதுக்குள்ள முடிச்சிருவாங்கண்ணே."

காரணம் எளிது. தார்க்கலவை சுமார் 150 டிகிரி சூட்டில் வருகிறது. ஆறுவதற்குள் உருளை ஓட்டி இறுக்க வேண்டும். இறுகாத இடத்தில் நீர் புகும். அங்கே அது உறைந்து சாலையைப் பிளக்கும். இங்கே செப்டம்பர், அக்டோபர் மழை அடித்தளத்தை அரிக்கும்.

இம்முறை உள்ளூர்க்காரர் ஒருவரைப் பிடித்தேன். சிஐடிபி பதிவைப் பார்த்தேன். கல் எத்தனை அங்குலம், தார் எத்தனை அங்குலம், நீர் எந்தப் பக்கம் வடியும் என்று தாளில் எழுதி வாங்கினேன். அவர் முன்பு போட்ட இரண்டு வாசல்களை மழை விட்டதும் போய்ப் பார்த்தேன். தைப்பூசம் முடிந்த வாரம், நல்ல வெயிலில் வேலை நடந்தது.

அடுத்த பெருமழைக்கு மறுநாள் அம்மாதான் முதலில் இறங்கி நடந்தார். வாசலில் தண்ணீர் நிற்கவில்லை.