கேட்டு வாங்கும் நல்ல வார்த்தை



சியாட்டில் நகர உணவகங்களைப் பற்றி ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் லூகா 2011இல் வெளியிட்ட ஆய்வை, சிறுதொழில் செய்யும் ஒவ்வொருவரும் அறிந்திருப்பது நல்லது. வாடிக்கையாளர்கள் கடைகளை மதிப்பிடும் யெல்ப் தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் உணவகத்தின் வருமானம் 5 முதல் 9 சதவீதம் வரை உயர்கிறது என்று அவர் கண்டார். அந்த உயர்வு தனி உணவகங்களுக்கு மட்டும்தான். ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் பெரிய உணவகங்களுக்கு இல்லை. மெக்டொனால்ட்ஸில் என்ன கிடைக்கும் என்பது உள்ளே நுழையுமுன்பே எல்லோருக்கும் தெரியும். புதிதாகத் தொழில் தொடங்கிய பிளம்பரை யாருக்குத் தெரியும்? முன்பு வேலை கொடுத்தவர்கள் சொல்லும் சொல்தான் அவருக்கு முதல். அதைக் கேட்டு வாங்குவதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

ஆனால் "எங்களைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதுங்கள்" என்று கேட்டால் "அருமையான சேவை" என்றுதான் வரும். எந்தக் கடைக்கும் பொருந்துகிற அந்த வரியால் எந்தக் கடைக்கும் பயனில்லை. "எங்களை அழைக்குமுன் எதற்காகத் தயங்கினீர்கள்? வேலை முடிந்தபின் எப்படி இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். "ஒரு நாள் தாமதமாக வந்தார், ஆனால் ஒழுகல் நின்றது, தரையையும் துடைத்துவிட்டுப் போனார்" என்பதுபோல் பதில் வரும். தாமதத்தை வெட்டிவிடக் கை துறுதுறுக்கும். வெட்டக் கூடாது என்பதே என் கட்சி. குறையையும் மறைக்காமல் சொன்னவர் என்பதால்தான் அவர் சொன்ன நிறையை நம்புகிறோம். வாங்கும் விருப்பம் 4.0 முதல் 4.7 வரையான மதிப்பீட்டில் உச்சத்தைத் தொட்டு, 5ஐ நெருங்கும்போது குறைகிறது என்று நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ஸ்பீகல் ஆய்வு மையமும் கண்டிருக்கிறது.

பத்தே பேர் பேசும் கடையில் ஒருவர் குறை சொன்னாலே அடி பலமாக விழுமே என்பார்கள். நியாயமான அச்சம்தான். ஆனால் கோபப்பட்டவர் கேட்காமலே எழுதிவிடுகிறார். திருப்தியானவரோ பேசாமல் போய்விடுகிறார். எல்லோரிடமும் கேட்பதுதான் அதற்கு மருந்து. மறைப்பது மருந்தாகாது. நான்கு நட்சத்திரத்துக்குக் குறைந்த கருத்துகளை வெளியிடாமல் தடுத்தது என்ற குற்றச்சாட்டில் ஃபேஷன் நோவா என்ற ஆடை நிறுவனம் 2022இல் 42 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. எதையாவது கொடுத்தால்தானே எழுதுகிறார்கள் என்ற வாதமும் உண்டு. தள்ளுபடி கொடுப்பதை இங்கே அமெரிக்காவில் சட்டம் அடியோடு தடுக்கவில்லை. கொடுத்ததைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் நல்லதாக எழுதினால்தான் தள்ளுபடி என்ற நிபந்தனையை மத்திய வணிக ஆணையத்தின் விதி 2024 அக்டோபரிலிருந்து தடை செய்கிறது. தெரிந்தே மீறினால் ஒவ்வொரு மீறலுக்கும் 50,000 டாலருக்கு மேல்கூட அபராதம் விழலாம்.

என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. ஆங்கிலம் எழுத வராத குடியேறிகள் இங்கே பல சிறு கடைகளின் நிரந்தர வாடிக்கையாளர்கள். அவர்களிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை. அவரவர் மொழியில் சொல்வதைப் பதிவு செய்து, மொழிபெயர்த்ததை அவர்களுக்கே விளக்கிச் சம்மதம் பெற்று, இரண்டையும் சேர்த்தே வெளியிடலாம். அதே மொழி பேசும் அடுத்த குடும்பத்துக்கு அந்தக் கடையின் கதவு அப்போதுதான் தெரியும்.