மனக்கணக்கு வேண்டாம், ரத்தம் பாருங்கள்

பழவங்காடி கணபதிக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வளைகுடாவுக்குக் கிளம்பும் பிள்ளைகள் பலர். விசாவுக்கான மெடிக்கலில்தான் சிலருக்கு ஹெபடைட்டிஸ் பி இருப்பதே தெரியவருகிறது. வேலை கைவிட்டுப் போகிறது, தலைகுனிவும் சேர்ந்துகொள்கிறது. "நான் ஒரு தப்பும் செய்யலையே, மாமா" என்று குமுறுகிறார்கள்.

இந்தக் குமுறல்தான் என்னை வருத்துகிறது. இந்தக் கிருமி யாருடைய ஒழுக்கத்தையும் விசாரித்துவிட்டு வருவதில்லை. ரத்தம், உடலுறவு, பிரசவம் என்ற வழிகளில் பரவுகிறது. பெரியவர்களுக்குத் தொற்றினால் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவாகவே நிலைத்துத் தங்கும். பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினாலோ, தடுப்பூசி போடாத பத்துக் குழந்தைகளில் ஒன்பது பேருக்குத் தங்கிவிடும். முப்பது வயதில் தெரியவருவது தொட்டில் காலத்திலேயே வந்ததாக இருக்கலாம்.

உடம்புக்கு வெளியேயும் இது ஏழு நாளாவது உயிரோடிருக்கும். சலூன் சவரக்கத்தி, பச்சை குத்தும் ஊசி வழியாகவும் தொற்றலாம். எங்கள் காலத்தில் டாக்டர் மேசையில் ஒரே கண்ணாடி சிரிஞ்சு எல்லோருக்கும் கொதித்துக்கொண்டிருக்கும். எத்தனை நிமிடம் கொதித்தது என்று யார் பார்த்தோம்? 2009-இல் குஜராத்தின் மொடாசாவில், ஒருவருக்குப் போட்ட ஊசியையே அடுத்தவருக்கும் போட்டதில் இந்நோய் பரவிப் பலர் இறந்தார்கள். வைத்தியத்துக்குப் போனதைத் தவிர அவர்கள் என்ன செய்தார்கள்?

நாடு முழுவதும் குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டத்தில் இதற்கான ஊசி சேர்ந்தது 2011-இல்தான். அதற்கு முன் பிறந்தவர்கள் 'எனக்கெல்லாம் வராது' என்று மனக்கணக்குப் போடாமல் ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடுவதே நல்லது. கண் மஞ்சளாகட்டும் என்றும் காத்திருக்க வேண்டாம். ஈரல் கெடும்வரை பலருக்கு ஓர் அறிகுறியும் இராது. தண்ணீரால் பரவும் ஏ வகைக் காமாலை பெரும்பாலும் தானாகவே அடங்கும்; பெயர் கீழாநெல்லிக்குப் போகும். அதை நம்பி நிலைத்துவிட்ட பி வகையை விட்டுவைக்கக் கூடாது.

மூன்று பரிசோதனைகள் உண்டு. எச்பிஎஸ் ஆன்டிஜென், கிருமி இப்போது இருக்கிறதா என்று காட்டும். ஆன்டி-எச்பிஎஸ், எதிர்ப்பு இருக்கிறதா என்று காட்டும். ஆன்டி-எச்பிசி, எப்போதாவது தொற்றியதா என்று காட்டும். அண்மையில் தொற்றியிருந்தால் முதல் சில வாரங்களில் அகப்படாது. டாக்டர் சொல்லும் நாளில் மறுபடி பார்க்க வேண்டும்.

இருப்பது உறுதியானால் இடிந்துபோகாதீர்கள். எல்லோருக்கும் உடனே மாத்திரை தேவைப்படாது. தவறாத கண்காணிப்பு எல்லோருக்கும் தேவை. 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை. சேர்ந்து சாப்பிடுவதால் இது தொற்றாது. தட்டைத் தனியே வைக்காதீர்கள். ரேசரைத் தனியே வையுங்கள். மனைவி, அம்மா, கூடப்பிறந்தவர்கள், பிள்ளைகள் எல்லோரும் ரத்தம் பாருங்கள். தொற்றோ எதிர்ப்போ இல்லாதவர்கள் தடுப்பூசியை முழுத் தவணையும் போட்டுக்கொள்ளுங்கள். பிறக்கும் குழந்தைக்கு முதல் ஊசி 24 மணி நேரத்துக்குள் விழட்டும்.